கடல் மீன் தொட்டிக்குப் புதிய மீன்: சேர்க்கும் முன் தனிமைப்படுத்தும் முறை

கடைத் தொட்டியில் துறுதுறுவென்று நீந்திக்கொண்டு, போட்ட தீனியை முதல் ஆளாக வந்து கவ்வும் மீனைப் பார்த்தால் அது நோயற்றது என்றுதான் யாருக்கும் தோன்றும். கடல் மீன் வளர்ப்பில் இந்தத் தோற்றத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதே புதியவர் முதலில் அறிய வேண்டியது. கடல் மீன்களைத் தாக்கும் முக்கிய ஒட்டுண்ணிகள் பலவும் செவுள்களில்தான் முதலில் குடியேறுகின்றன. அவற்றின் எண்ணிக்கை குறைவாக இருக்கும்வரை வெளியே எந்த அடையாளமும் தெரியாது. போதாததற்கு, பல கடைகளில் வரிசையாக அடுக்கிய தொட்டிகள் அனைத்திலும் ஒரே நீரே சுற்றி வருகிறது. சில கடைகள் அந்த நீரில் சிறிதளவு தாமிரம் கலந்தோ, உப்புத்தன்மையைக் குறைத்தோ வைத்திருக்கும். அது ஒட்டுண்ணியை ஒழிப்பதில்லை, அடக்கி மட்டுமே வைக்கிறது. வீட்டுத் தொட்டியின் முழு உப்பு நீருக்கு வந்ததும் அடங்கியிருந்தது தலைதூக்குகிறது.

திறந்த கடலில் இதே ஒட்டுண்ணிகள் மீன்களின் உடலில் வாழ்ந்தாலும், அவை அரிதாகவே மீனைக் கொல்கின்றன. மீனிலிருந்து உதிர்ந்தவை பெருகி மீண்டும் நீந்திக் கிளம்பும்போது, அந்த மீன் எங்கோ போயிருக்கும். சில நூறு லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் மீனுக்குப் போக்கிடம் இல்லை. ஒவ்வொரு தலைமுறை ஒட்டுண்ணிக்கும் இரை அருகிலேயே கிடைக்கிறது. பவளங்களும் இறால்களும் நத்தைகளும் உள்ள தொட்டியில் இந்த நிலை வந்துவிட்டால் அங்கே மருந்திடவும் வழியில்லை, ஏனெனில் ஒட்டுண்ணியைக் கொல்லும் மருந்துகளில் பெரும்பாலானவை அவற்றையும் கொன்றுவிடும். ஆகவே, புதிய மீனை முதலில் வேறொரு சிறு தொட்டியில் வைத்து, தேவையானால் அங்கேயே மருத்துவம் செய்து, பிறகே முதன்மைத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டும்.

எதை எதிர்த்து இந்த ஏற்பாடு

தனிமைப்படுத்தலின் கால அளவை மீனின் தோற்றம் தீர்மானிப்பதில்லை, ஒட்டுண்ணியின் வாழ்க்கைச் சுழற்சியே தீர்மானிக்கிறது. அந்தச் சுழற்சியைப் புரிந்துகொள்ளாமல் நாட்களை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள்தான், பத்தாம் நாளில் மீன் நன்றாக இருக்கிறதே என்று அவசரப்பட்டு மாற்றிவிடுகிறார்கள்.

மிகப் பரவலானது கடல்நீர் வெண்புள்ளி நோய். இதை உண்டாக்கும் கிரிப்டோகாரியான் இரிட்டன்ஸ் என்னும் ஒரு செல் உயிரி, மீனின் தோலுக்கும் செவுளுக்கும் அடியில் துளைத்துப் புகுந்து 3 முதல் 7 நாட்கள் வரை உண்டு கொழுக்கிறது. உப்புத்தூள் தூவியதுபோல நாம் காணும் வெண்புள்ளி இந்த நிலைதான். பிறகு அது தானாகவே மீனைவிட்டு உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கண்ணாடியிலோ ஒட்டிக் கடினமான உறைக்குள் அடைந்துகொள்கிறது. உறைக்குள் அது பலமுறை பிளவுபட்டு, நூற்றுக்கணக்கில்கூடப் பெருகும். உறை வெடித்து இளம் உயிரிகள் வெளிவரக் குறைந்தது 3 நாட்கள் ஆகும். பெரும்பாலும் 28 நாட்களுக்குள் வெளிவந்துவிடும். அரிதாக 72 நாட்கள் வரை நீண்டதும் உண்டு. வெளிவந்த இளம் உயிரி ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைக் கண்டடையாவிட்டால் இறந்துவிடும்.

இதில் புதியவரை ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. புள்ளிகள் தோன்றிய மீனுக்கு ஒருவர் பூண்டுச் சாறு கலந்த தீனியைக் கொடுக்கிறார். நான்கைந்து நாளில் புள்ளிகள் மறைகின்றன. பூண்டு வேலை செய்தது என்று நம்பிவிடுகிறார். உண்மையில் அந்த ஒட்டுண்ணிகள் உண்டு முடித்து உதிர்ந்தன, அவ்வளவே. ஒன்றிரண்டு வாரம் கழித்து அவை பன்மடங்காகத் திரும்பி வரும். பூண்டு நோயைத் தீர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் இல்லை. துப்புரவு இறால் ஒட்டுண்ணியைத் தின்று தீர்த்துவிடும் என்பதும், புற ஊதா விளக்கு ஒன்றை மாட்டினால் போதும் என்பதும் இதே வகை நம்பிக்கைகள். தோலுக்கடியில் இருப்பதை இறாலால் எடுக்க முடியாது. விளக்கின் வழியே செல்லாத ஒட்டுண்ணியை விளக்கு தொடுவதில்லை.

வெண்புள்ளியைவிட ஆபத்தானது வெல்வெட் நோய். அமைலூடினியம் ஒசலேட்டம் என்னும் உயிரியால் வரும் இந்த நோயின் சுழற்சி வேகமானது. ஓர் உறையிலிருந்து 256 வரை இளம் உயிரிகள் வெளிவர முடியும். இது செவுள்களையே முதலில் அழிப்பதால், உடலில் ஒன்றுமே தெரியாத நிலையில் மீன் மூச்சுத் திணறி ஓரிரு நாளில் இறந்துவிடக்கூடும். பக்கவாட்டில் ஒளி பட்டால் மட்டும் தெரியும் மெல்லிய பொன்னிற அல்லது சாம்பல் நிறத் தூசிப் படலம் கண்ணில் படும்போது நோய் முற்றியிருக்கும்.

கோமாளி மீன்களை அதிகம் தாக்குவது புரூக்ளினெல்லா. இது மீனின் உடலிலேயே பிளவுபட்டுப் பெருகுவதால் உறை நிலை என்ற ஒன்றே இதற்கு இல்லை. உடலெங்கும் வெண்மையான சளி திரளும். தோல் உரிந்து தொங்குவதுபோல் தோன்றும். தாமிரம் இதற்குப் பயன்படாது. க்ரோமிஸ் வகை மீன்களின் பக்கவாட்டில் சிவந்த புண்ணாகத் தெரியும் யூரோனீமாவும் தாமிரத்துக்கு அடங்காது. தொட்டியிலுள்ள கழிவுகளை உண்டே அது வாழ வல்லது என்பதால், மீன் இல்லாமல் தொட்டியைக் காலியாக வைப்பதும் அதை ஒழிக்காது. கடைசியாக, தோலிலும் செவுளிலும் கண்களிலும் ஒட்டும் தட்டைப்புழுக்கள். இவற்றுள் நியோபெனிடீனியா என்னும் இனம் நாரிழை கொண்ட முட்டைகளை இடுகிறது. அவை தொட்டியில் உள்ள எதிலும் சிக்கிக்கொள்ளும்.

தனிமைத் தொட்டியை அமைத்தல்

சிறு மீன் ஒன்றிரண்டுக்கு 40 முதல் 80 லிட்டர் கொள்ளும் தொட்டி போதும். டாங் போன்று ஓடியாடி நீந்தும் மீனுக்கு இன்னும் பெரியது வேண்டும். அடியில் மணல் இடக் கூடாது, பாறையும் வைக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சுண்ணாம்புச் சத்துள்ள மணலும், சிற்றுயிர்கள் படர்ந்த கடற்பாறையான லைவ் ராக்கும், மருந்தாக இடும் தாமிரத்தை உறிஞ்சிக்கொண்டு மருந்தின் அளவைக் கணிக்க முடியாதபடி செய்துவிடும். மேலும், வெற்றுத் தரையில்தான் மீதத் தீனியும் கழிவும் கண்ணுக்குத் தெரியும். அவற்றை அன்றாடம் உறிஞ்சி எடுக்க முடியும். மீன் ஒளிந்துகொள்வதற்கு பிவிசி குழாயின் வளைவு இணைப்புகளைப் போட்டு வைத்தால் போதும். அழகில்லை என்றாலும் மீனுக்கு அதில் குறையில்லை. மணலில் புதைந்து உறங்கும் ராஸ் வகை மீனுக்கு மட்டும் ஒரு சிறு கிண்ணத்தில் சுண்ணாம்புச் சத்தில்லாத சிலிக்கா மணலை இட்டு வைக்கலாம்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று, அதை இயக்கும் ஏர் பம்ப், ஹீட்டர், வெப்பமானி, உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர், மீனின் கழிவிலிருந்து சேரும் நச்சான அம்மோனியாவை அளக்கும் சோதனைப் பொருள், இறுக்கமான மூடி ஆகியவை கட்டாயம் வேண்டும். மூடியை அலட்சியம் செய்பவர்கள் பலர். புதிய இடத்தில் அரண்ட கடல் மீன் துள்ளி வெளியே விழுவது மிக இயல்பானது. வலுவான விளக்கு தேவையில்லை. மங்கிய ஒளியில் மீனின் பதற்றம் குறையும். பரிசோதிக்க ஒரு கைவிளக்கு இருந்தால் போதும்.

தனிமைத் தொட்டிகளில் மீன் இறப்பதற்கு ஒட்டுண்ணியைவிட அம்மோனியாவே அடிக்கடி காரணமாகிறது என்பது என் கணிப்பு. புதிய தொட்டியில் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியா இருக்காது. இருப்பவற்றையும் மருந்து சற்று முடக்கும். எனவே மீன் வாங்குவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு முன்பே, ஸ்பாஞ்சை முதன்மைத் தொட்டியின் சம்பில் (வடிகட்டும் கருவிகள் இருக்கும் துணைத் தொட்டியில்) போட்டு வைத்துப் பாக்டீரியா படரவிட வேண்டும். முதன்மைத் தொட்டியில் நோய் இருந்ததாகச் சந்தேகம் இருந்தால் இந்த வழி ஆகாது. அப்போது போத்தலில் விற்கும் பாக்டீரியாவை இட்டு, சிறிதளவு அம்மோனியா சேர்த்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியத்துக்கு வரும்வரை தொட்டியைத் தனியே ஓடவிட்டுத் தயார் செய்யலாம். ஒருமுறை தனிமைத் தொட்டிக்குப் போன ஸ்பாஞ்ச் திரும்ப முதன்மைத் தொட்டிக்கு வரவே கூடாது.

இரண்டு தொட்டிகளுக்கும் இடையே குறைந்தது 3 மீட்டர் தொலைவு இருப்பது நல்லது. வேறு அறையாக இருந்தால் இன்னும் சிறப்பு. ஏர் பம்பின் குமிழிகள் வெடிக்கும்போது தெறிக்கும் நுண்துளிகளில் வெல்வெட் உயிரி பயணம் செய்ய முடியும். வலை, வாளி, உறிஞ்சு குழாய், துடைக்கும் துணி எல்லாம் தனித்தனியே இருக்க வேண்டும். தினமும் முதலில் முதன்மைத் தொட்டியின் வேலையை முடித்து, பிறகே தனிமைத் தொட்டியில் கைவைக்க வேண்டும். வரிசை மாறிவிட்டால் கையைச் சோப்பிட்டுக் கழுவி நன்கு உலர்த்திய பின்னரே மற்றத் தொட்டியைத் தொடலாம்.

மீன் வந்து சேரும் நாள்

வாங்கும்முன் கடைக்காரரிடம் இரண்டு செய்திகளைக் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்: அவருடைய நீரின் உப்புத்தன்மை என்ன, மீன் எந்தத் தீனியை உண்கிறது. முடிந்தால் மீன் உண்பதை நேரில் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

உப்புத்தன்மையைக் காட்டும் அளவான ஒப்படர்த்தி, வழக்கமான கடல்நீருக்கு ஏறத்தாழ 1.025. கடையின் நீர் 1.019 ஆக இருந்தால், தனிமைத் தொட்டியின் நீரையும் அன்று 1.019 ஆகவே கலந்து வைப்பது நல்லது. குறைந்த உப்பிலிருந்து திடீரென மிகுந்த உப்புக்குச் செல்வதுதான் மீனுக்குக் கடினம். அதன்பின் நாளொன்றுக்கு 0.001 முதல் 0.002 வரை உயர்த்திச் சென்றால் சில நாட்களில் இயல்பான அளவை எட்டிவிடலாம். வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ் அளவில் நிலையாக இருக்கட்டும்.

நீண்ட தொலைவு பையில் பயணம் செய்து வந்த மீனைச் சொட்டுச் சொட்டாக மணிக்கணக்கில் நீர் கலந்து பழக்குவது தீங்காக முடியலாம். பைக்குள் மீன் விட்ட மூச்சால் கரியமில வாயு சேர்ந்து நீரின் பிஹெச் (அமில-காரத் தன்மையின் அளவு) குறைந்திருக்கும். அந்தக் குறைந்த நிலையில் பையிலுள்ள அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் குறைவாகவே இருக்கும். பையைத் திறந்ததும் கரியமில வாயு வெளியேறி, பிஹெச் ஏறி, அதே அம்மோனியா கடும் நச்சாகிறது. உப்புத்தன்மையை முன்கூட்டியே பொருத்தி வைத்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. மூடிய பையைப் பதினைந்து இருபது நிமிடம் தொட்டி நீரில் மிதக்கவிட்டு வெப்பநிலையைச் சமன் செய்து, பையைத் திறந்த உடனே மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விட வேண்டும். பையின் நீர் ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது.

முதல் நாள் விளக்கை அணைத்தே வைத்துவிட்டு, மீனைத் தொந்தரவு செய்யாமல் விட வேண்டும்.

முதல் வாரம்: உண்ணவைத்தலும் கவனித்தலும்

வெல்வெட்டின் அறிகுறி இல்லாதவரை, முதல் மூன்று நாள் முதல் ஐந்து நாள் வரை எந்த மருந்தும் வேண்டாம். உண்ணத் தொடங்கிய மீனே மருந்தைத் தாங்கும். உறைந்த மைசிஸ் இறால் பெரும்பாலான மீன்களை ஈர்க்கும். டாங் போன்ற தாவர உண்ணிகளுக்கு உலர்ந்த கடற்பாசித் தாளைக் கிளிப்பில் மாட்டி வைக்கலாம். சிறிது சிறிதாகப் பலமுறை கொடுத்து, மிஞ்சியதைப் பத்து நிமிடத்தில் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும். அம்மோனியாவை நாள்தோறும் சோதித்து, அளவிடும்படி ஏதேனும் தென்பட்டால் உடனே அதே உப்புத்தன்மையும் வெப்பநிலையும் உள்ள நீரால் ஒரு பகுதியை மாற்ற வேண்டும்.

ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்வது மிகவும் பயனுள்ள பழக்கம். மீன் அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை செவுள் மூடித் திறக்கிறது என்று எண்ணி எழுதி வைத்தால், அந்த மீனின் இயல்பான எண்ணிக்கை பிடிபடும். பின்னர் அது ஏறிக்கொண்டே போனால், புள்ளி எதுவும் தெரியாவிட்டாலும் செவுளில் ஏதோ நடக்கிறது என்று பொருள். குழாயில் உடலை உரசிக்கொள்வது, தலையைச் சிலுப்புவது, துடுப்புகளை ஒடுக்கிக்கொள்வது, கண் மங்குவது, உணவை வாயில் எடுத்துத் துப்புவது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒளியைக் கண்டு ஒதுங்குவதும், நீரோட்டத்தின் எதிரிலோ மேற்பரப்பிலோ முகத்தை வைத்துக்கொண்டு வேகமாக மூச்சுவிடுவதும் வெல்வெட்டின் அடையாளங்கள். இவை தெரிந்தால் ஐந்து நாள் காத்திருக்காமல் அன்றே செயல்பட வேண்டும்.

கவனிப்பு மட்டுமா, முன்கூட்டியே மருந்தா

இதில் அனுபவம் மிக்கவர்களிடையே இரண்டு கட்சிகள் உள்ளன. ஒரு சாரார், நோய் தெரிந்தாலன்றி மருந்திடக் கூடாது, ஆறு வாரம் கவனித்தாலே போதும் என்பார்கள். மற்றவர்கள், செவுளில் மறைந்திருப்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, ஆகவே ஒவ்வொரு மீனுக்கும் மருந்திட வேண்டும் என்பார்கள். என் கருத்தில், புதியவர் இந்த விவாதத்தைத் தன்னுடைய சோதனைக் கருவியை வைத்துத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தாமிரத்தின் அளவை நம்பகமாக, நாள்தோறும் அளக்க முடிந்தவர், தாங்கும் திறனுள்ள மீன்களுக்கு முன்கூட்டியே தாமிரச் சிகிச்சை அளிப்பது பாதுகாப்பானது. அளக்க முடியாதவர் தாமிரத்தைத் தொடாமல் கவனிப்போடு நிறுத்திக்கொள்வதே மேல், ஏனெனில் அளவு குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் மீன் சாகும்.

எல்லா மீனுக்கும் தாமிரம் பொருந்தாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சுறா, திருக்கை இனங்களுக்குத் தாமிரம் அறவே கூடாது. விலாங்கு, லயன் மீன், பஃபர், சிறு ஏஞ்சல் வகைகள், ராஸ் வகைகள் பலவும் அதைத் தாங்குவதில் பலவீனமானவை. மாண்டரின் மீன் பெரும்பாலும் நுண்ணிய உயிர் இரையையே தேடித் தின்னும் இயல்புடையது என்பதால், வெற்றுத் தொட்டியில் மருந்துக்கு முன்பே பட்டினியால் மெலிந்துவிடும். இத்தகைய மீனைப் புதியவர் முதல் ஆண்டில் வாங்காமலிருப்பது நல்லது.

தாமிரச் சிகிச்சை

தாமிர மருந்துகள் மூன்று வகையில் கிடைக்கின்றன, மூன்றுக்கும் அளவு வேறு. வெறும் தாமிர சல்பேட்டாக இருந்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம், அமீனோடு பிணைந்த வகை பொதுவாக 0.5 மில்லிகிராம், கீலேட் என்னும் பிணைப்புச் சேர்மத்தில் கட்டுண்ட வகை 2.0 முதல் 2.5 மில்லிகிராம். ஒரு வகையின் அளவை மற்றொன்றுக்குப் பயன்படுத்துவது மீனைக் கொல்லும் தவறு. வாங்கிய மருந்தின் உறையில் எந்த வகை, எந்த அளவு என்று படித்து, அந்த வகையையும் அந்த அளவு வரம்பையும் அளக்கும் சோதனைப் பொருளையே வாங்க வேண்டும். புதியவருக்குக் கீலேட் வகையே ஏற்றது. பயனுள்ள அளவுக்கும் ஆபத்தான அளவுக்கும் இடையே அதில் இடைவெளி சற்று அதிகம்.

மருந்தை அளக்கத் தொட்டியின் விற்பனைக் கொள்ளளவைப் பயன்படுத்தக் கூடாது. உண்மையில் உள்ள நீரின் அளவே வேண்டும். உள்ளளவில் 60 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம் உள்ள தொட்டியில் 26 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் இருந்தால், மூன்றையும் பெருக்கி 1000 ஆல் வகுக்க 46.8 லிட்டர் வரும். அந்த நீர்மட்டத்தில் கண்ணாடியின் வெளிப்புறம் ஒரு கோடு போட்டுவிட வேண்டும். ஆவியாகிக் கோட்டுக்குக் கீழே இறங்கும் நீரை நன்னீரால் மட்டும் ஈடுசெய்ய வேண்டும்; தாமிரமும் உப்பும் ஆவியாவதில்லை என்பதால் அதில் மருந்து சேர்க்கத் தேவையில்லை. மாறாக, 10 லிட்டர் நீரை எடுத்துவிட்டுப் புதிய கடல்நீர் ஊற்றும்போது, அந்த 10 லிட்டருக்கு உரிய மருந்தை வாளியிலேயே கலந்து, பிறகுதான் ஊற்ற வேண்டும்.

முழு அளவை ஒரே நாளில் சேர்க்காமல், மூன்று நான்கு நாட்களில் படிப்படியாக உயர்த்துவது மீனுக்கு எளிது. வெல்வெட் ஏற்கெனவே தாக்கியிருந்தால் மட்டும் அவ்வளவு அவகாசம் கிடைக்காது. ஓரிரு நாளிலேயே உயர்த்த நேரும். மீன் உண்பதை நிறுத்தினால் உயர்த்துவதை ஒரு நாள் நிறுத்திவைத்துக் கவனிக்கலாம்.

தாமிரம் மீனின் உடலுக்குள் இருக்கும் ஒட்டுண்ணியையும் கொல்லாது, உறைக்குள் இருப்பதையும் கொல்லாது. உறையிலிருந்து வெளிவந்து மீனைத் தேடி நீந்தும் அந்தக் குறுகிய நேரத்தில்தான் அது வேலை செய்கிறது. எனவேதான் மருந்தின் அளவு ஒருநாள்கூடக் குறையாமல் 30 நாட்கள் நீடிக்க வேண்டும் என்கிறோம். இடையில் ஒருநாள் அளவு கீழே இறங்கினாலும் எண்ணிக்கையை முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டும். வேறொரு வழியும் உண்டு: முழு அளவில் 14 நாட்கள் கழித்து, நன்கு கழுவி உலர்த்திய வேறொரு தொட்டிக்கு மீனை மாற்றிவிட்டால், பழைய தொட்டியில் ஒட்டியிருக்கும் உறைகள் அங்கேயே தங்கிவிடும், மீதி நாட்கள் தேவைப்படாது.

சிகிச்சை நடக்கும்போது, நீரிலுள்ள மருந்தை உறிஞ்சிவிடும் கார்பனும் புற ஊதா விளக்கும் இயங்கக் கூடாது. அம்மோனியாவை உடனடியாகக் கட்டிப்போடும் திரவங்களையும் இந்தத் தொட்டியில் ஊற்றக் கூடாது. அவற்றில் பல, தாமிரத்தோடு வினைபுரிந்து அதன் நச்சுத்தன்மையை ஏற்றிவிடும். அம்மோனியா ஏறினால் நீரை மாற்றுவது ஒன்றே வழி.

தாமிரம் தாங்காத மீன்களுக்குக் குளோரோகுயின் பாஸ்பேட்டைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. அதன் அளவை வீட்டில் சோதிக்க வழியில்லை என்பதால், மீன்களை அறிந்த கால்நடை மருத்துவரின் மேற்பார்வை இல்லாமல் அதில் இறங்க வேண்டாம்.

மருந்தில்லாத ஒரு வழி

வெண்புள்ளிக்கு மட்டும் பொருந்தும் தொட்டி மாற்று முறை சுழற்சியின் கணக்கை அப்படியே பயன்படுத்துகிறது. உறை வெடிக்கக் குறைந்தது 3 நாட்கள் ஆகும். அதற்குள் மீனை வேறு தொட்டிக்கு மாற்றிவிட்டால், உதிர்ந்தவை பின்தங்கிவிடும். ஒட்டுண்ணி மீனில் அதிகபட்சம் ஏழு நாட்களே தங்குவதால், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு தடவை மாற்றினால், அதாவது முதல் நாளில் தொடங்கி 4, 7, 10, 13 ஆம் நாட்களில் மாற்றினால், மீன் தூய்மையாகிவிடும். இரண்டே தொட்டிகள் போதும். காலியான தொட்டியையும் அதன் குழாய்களையும் உபகரணங்களையும் கழுவி முழுமையாக உலரவிட்ட பிறகே மீண்டும் பயன்படுத்த வேண்டும். மீன் செல்லும்போது பழைய நீர் கூடவே போகக் கூடாது. வெல்வெட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது என்பதால், இந்த முறையை மட்டும் நம்பியிருக்க முடியாது.

உப்புத்தன்மையை 1.009 க்கு இறக்கி நான்கு வாரம் வைப்பதும் வெண்புள்ளிக்குச் செய்யப்படும் முறையே. ரிஃப்ராக்டோமீட்டர் சற்றே பிழை காட்டினாலும் அது தோற்றுவிடும், வெல்வெட்டுக்கும் பயன்படாது.

தட்டைப்புழுவும் புரூக்ளினெல்லாவும்

தட்டைப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல், லிட்டருக்கு 2.5 மில்லிகிராம் என்ற அளவில் இடப்படுகிறது. இது முட்டைகளைக் கொல்லாது. ஆகவே 5 முதல் 7 நாட்களுக்குள், புதிதாகப் பொரித்தவை வளர்ந்து முட்டையிடும் முன், இரண்டாவது முறை இட வேண்டும். இந்த மருந்து நீரில் எளிதில் கரையாது. இட்டபின் பாக்டீரியா பெருகி நீர் கலங்குவதும் ஆக்சிஜன் குறைவதும் உண்டு. ஏர் பம்பை முழு வேகத்தில் ஓடவிட வேண்டும். தாமிரத்தோடு சேர்த்தே இதை இடுபவர்கள் இருக்கிறார்கள். புதியவர் ஒன்றை முடித்து, கார்பனால் வடித்து, நீரை மாற்றிய பிறகே மற்றொன்றைத் தொடங்குவது நல்லது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால்தான் மீன் எதனால் துவண்டது என்று தெரியும்.

புழு இருக்கிறதா என்ற சந்தேகத்தை நன்னீர்க் குளியலால் தீர்த்துக்கொள்ளலாம். குளோரின் நீக்கிய நன்னீரைத் தொட்டியின் வெப்பநிலைக்கும் பிஹெச்சுக்கும் கொண்டுவந்து, காற்றுச் செலுத்தி, கருநிற வாளியில் மீனை ஐந்து நிமிடம் வைத்தால், கண்ணுக்குத் தெரியாதபடி ஒட்டியிருந்த புழுக்கள் வெளிறி, வெண்மையான செதில்போல உதிர்ந்து அடியில் விழும். மீன் பக்கவாட்டில் சாய்ந்து அசையாதிருந்தால் உடனே எடுத்துவிட வேண்டும். இந்தக் குளியல் நோயின் சுமையைக் குறைக்கும், முழுமையாகத் தீர்க்காது.

புரூக்ளினெல்லாவுக்கு ஃபார்மலின் குளியலே நெடுநாளாக நம்பப்படும் மருந்து. அது புற்றுநோய் உண்டாக்கும் வேதிப்பொருள்; கையுறை இல்லாமலும் காற்றோட்டம் இல்லாத அறையிலும் அதைத் திறக்கக் கூடாது. குளிக்கும் நீருக்குக் காற்றுச் செலுத்துவதை ஒரு நிமிடமும் நிறுத்தக் கூடாது. அளவுக்கு உறையில் உள்ளதைப் பின்பற்றி, குளியல் முடிந்ததும் மீனைப் பழைய நீருக்கல்லாமல் தூய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

முதன்மைத் தொட்டிக்கு மாற்றும் முன்

மருந்துகள் முடிந்ததும் கார்பன் இட்டும் நீர் மாற்றியும் அவற்றை நீக்கிவிட்டு, மேலும் இரண்டு வாரம் மருந்தில்லா நீரில் மீனை வைத்திருக்க வேண்டும். மருந்து அடக்கி வைத்திருந்தது ஏதேனும் இருந்தால் இந்த இரண்டு வாரத்தில் வெளிப்படும். மெலிந்த மீன் தேறுவதற்கும் இந்த நாட்கள் உதவும். எல்லாம் கூட்டினால் ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இடையில் அதே தொட்டியில் இன்னொரு புதிய மீனை விட்டால், முதல் மீனுக்கும் சேர்த்து எண்ணிக்கை மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குகிறது. ஆகவே ஒரே நேரத்தில் வாங்கியவற்றை ஒன்றாக உள்ளே விட்டு, ஒன்றாகவே வெளியே எடுக்க வேண்டும்.

மாற்றும் நாளில் இரு தொட்டிகளின் உப்புத்தன்மையும் வெப்பநிலையும் ஒன்றாக இருக்க வேண்டும். மீன் மட்டும் போக வேண்டும், நீர் போகக் கூடாது. பழைய மீன்கள் எல்லை வகுத்துச் சண்டையிடும் இனமாக இருந்தால், துளையிட்ட தெளிந்த பெட்டியில் புதிய மீனைச் சில நாட்கள் தொட்டிக்குள்ளேயே வைத்துப் பழக்கலாம்; அடிபட்ட மீனின் உடல் எந்த நோய்க்கும் எளிதில் இடம் கொடுக்கும்.

பவளமும் இறாலும் நத்தையும்

மீனை மட்டும் தனிமைப்படுத்திவிட்டுப் பவளத்தை நேரே உள்ளே வைப்பவர்கள், முன்வாசலைப் பூட்டிவிட்டுப் பின்வாசலைத் திறந்து வைத்தவர்கள். பவளத்துக்கோ நத்தைக்கோ வெண்புள்ளி நோய் வராது என்பது உண்மை. ஆனால் மீன் இருந்த நீரிலிருந்து அவை வந்திருந்தால், பவளத்தின் அடிக்கட்டையிலும் நத்தையின் ஓட்டிலும் உறைகள் ஒட்டி வரலாம். இவற்றுக்குத் தாமிரம் கூடாது. மீனே இல்லாத ஒரு தொட்டியில் இவற்றை வைத்திருந்தால், வெளிவரும் இளம் உயிரிகள் மீன் கிடைக்காமல் இறந்துபோகும். 27 டிகிரி அளவில் ஆறு வாரம் வைத்தால் பெரும்பாலும் போதும் என்பார்கள். நெடுங்காலம் உறைக்குள் தங்கும் அரிய வகைகளையும் கணக்கில் கொள்பவர்கள் 76 நாட்கள் காத்திருக்கிறார்கள்.

முதன்மைத் தொட்டியிலேயே நோய் புகுந்துவிட்டாலும் இதே கணக்குத்தான். உள்ளே இருக்கும் மீன்கள் அனைத்தையும், நோயற்றதாகத் தோன்றுவது உட்பட, ஒன்று விடாமல் பிடித்துச் சிகிச்சைத் தொட்டிக்கு மாற்றி, முதன்மைத் தொட்டியை அந்த நாட்கள் முழுவதும் மீனின்றி விட வேண்டும். ஒரே ஒரு சிறு கோபி மீன் பாறை இடுக்கில் தங்கிவிட்டாலும் அத்தனை நாள் காத்திருப்பு வீணாகும். அந்நாட்களில் பாக்டீரியா பட்டினியாகாமலிருக்க, பவளங்களும் இறால்களும் உண்ணும் அளவுக்குச் சிறிது தீனி இட்டு வரலாம்.

மீன்கள் வெளியேறிய தனிமைத் தொட்டியை அடுத்த மீனுக்கு அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஸ்பாஞ்ச், குழாய், ஹீட்டர் அனைத்தையும் நீர்த்த ப்ளீச் கரைசலில் ஊறவைத்து, வாசனை போகும்வரை அலசி, ஈரம் துளியும் இல்லாதபடி இரண்டு மூன்று நாள் உலரவிட வேண்டும். ஃபார்மலின் பட்ட பொருள்களை முதலில் நீரில் நன்றாக அலசிய பிறகே ப்ளீச்சில் இட வேண்டும். தாமிரம் பட்ட வலையையும் வாளியையும் பவளத் தொட்டிக்கு எடுத்துச் செல்லாமலிருக்க, அவற்றின் கைப்பிடியில் வேறு நிற நாடா ஒன்றைச் சுற்றி வைத்துக்கொள்ளலாம்.